ஸ்பீக்கருக்குப் பத்துப் பொருத்தம்

தொண்ணூற்று நாலாம் வருஷம் கோயமுத்தூரில் ஜாதகம் பார்க்காமல் கல்யாணம்கூட நடந்தது. ஜாதகம் பார்க்காமல் ஸ்பீக்கர்தான் பாடவில்லை.

சிரிக்காதீர்கள். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ். அதன் முதல் மாடியில் ஏழாம் நம்பர் அறை. காலை எட்டு மணிக்கெல்லாம் படிக்கட்டு நிறைந்து, கீழே டீக்கடை வரைக்கும் வரிசை வந்துவிடும். ஒருத்தர் கையில் ஆம்ப்ளிஃபயர், இன்னொருத்தர் தோளில் ஸ்பீக்கர் பெட்டி, அவர் பின்னால் நிற்கிறவர் மடியில் மஞ்சள் தடவிய நோட்டுத்தாள். அந்தத் தாளில் இருப்பது அவர் பிள்ளையின் ஜாதகமல்ல. பெட்டியின் ஜாதகம்!

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஸ்பீக்கர் செய்கிற பைத்தியம் பிடித்திருந்தது. கனத்த சத்தத்துக்கு எட்டு இன்ச் ஊஃபர் ஒன்று, கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர் ஒன்று வாங்கிவந்து, ஆசாரியைக் கூப்பிட்டு பிளைவுட்டில் பெட்டி அடித்து, உள்ளே பஞ்சு அடைத்து, முன்னால் கறுப்புத் துணி ஒட்டினால் முடிந்தது. பம்ப்செட் செய்கிற ஊர், மில் நடத்துகிற ஊர். கைக்குக் காரியம் வேண்டுமே. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்தது. அப்புறம்தான் அந்த ஏழாம் நம்பர் அறைக்கு ஒலிச் சித்தர் சுந்தரராஜுலு வந்து சேர்ந்தார்.

"பொட்டிக்குக் கடைசி ஸ்க்ரூ முடுக்கினது எத்தனை மணிக்கு?" என்பார் முதல் கேள்வியாக. அதுதான் ஸ்பீக்கர் பிறந்த நேரமாம். இந்தச் சேதி பரவியதும் ஆசாரிகள் பாடு திண்டாட்டமாகிப்போனது. கணபதி பகுதியில் ஒரு ஆசாரி கடைசி ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு ராகுகாலம் ஒன்றரை மணி நேரமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்டாட்டி அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டதாகக் கேள்வி.

"ஆம்ப்ளிஃபயர் பொண்ணு. ஸ்பீக்கர் மாப்பிள்ளை. ஏன்னா, கொடுக்கறது அவ. வாங்கிட்டுச் சத்தம் போடறது இவன்" என்று விளக்குவார் சித்தர். ஆண்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். கூட வந்த பெண்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆள் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் சரி, தாலி? அதுதான் விஷயமே. ஒயரின் நுனியில் மாட்டி ஆம்ப்ளிஃபயரில் சொருகுகிறோமே, சிவப்பும் கறுப்புமாக ஒரு ஜோடிப் பின், அதுதான் தாலி. கடையில் கிடைக்கிற பின் செத்த பின். சித்தர் விற்பது உயிர்ப்பின். நாற்பத்தெட்டு நாள் உருவேற்றி, தங்க நிறம் பூசி, ஒயர் சேருகிற இடத்தை அரக்கு முத்திரையால் மூடி, நூல் சுற்றித் தருவார். இந்துக்களுக்கு மஞ்சள் நூல், முஸ்லிம்களுக்குப் பச்சை நூல், கிறிஸ்தவர்களுக்கு வெள்ளை நூல். ஏமாற்றுவதில் மத பேதம் பார்க்காத மகான்!

வெறும் வாய்ப்பேச்சில்லை, ருசுவும் காட்டுவார். வந்தவர் ஸ்பீக்கர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் "சோதனைப் பின்" என்று ஒன்றை மாட்டி, நாதஸ்வரக் கேசட்டைப் போடுவார். நாதஸ்வரம் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். தவில் இருக்கிற இடமே தெரியாது. பிறகு உயிர்ப்பின்னை மாட்டுவார். அவ்வளவுதான்! தவில் நெஞ்சில் வந்து விழும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், வரிசையில் நிற்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இந்தச் சித்தரின் பூர்வாசிரமம் என்ன தெரியுமா? அவினாசிப் பக்கம் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்த்தவர். தேங்காய் எழுந்து நின்ற இடத்திலெல்லாம் போர் போட்டார்கள், புகைதான் வந்தது. விவசாயிகள் கூடி விசாரிக்க வந்த அன்றைக்கு ஆள் பஸ் ஏறிவிட்டார். தண்ணீர் வராவிட்டால் ஆள் உதைக்க வருவான், சத்தம் அப்படியில்லை, வந்ததாக அவனே சொல்லிக்கொள்வான் என்கிற ஞானம் பஸ்ஸில்தான் பிறந்திருக்க வேண்டும்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவர் கரீம் பாய்.

கோட்டைமேட்டில் கரீமுக்கு ஒரு சின்னக் கடை. ஸ்பீக்கரில் அதிர்கிற காகிதக் கோன் கிழிந்தால் புதுக்கோன் ஒட்டுவது, வீட்டிலேயே ஸ்பீக்கர் செய்கிறவர்களுக்கு அளவு சொல்லிப் பெட்டி அறுத்துக் கொடுப்பது, இதுதான் தொழில். கோன் ஒட்டுவதில் அவரைவிட அவர் மனைவி ஹபீபுன்னிசா கைவேலை சுத்தம். கடைக்குப் பின்னால்தான் வீடு. போத்தனூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும்கூட ஆள் வருவார்கள். "கரீம் பொட்டியா? அப்ப கேக்கவே வேண்டாம்" என்று ஒரு பேர் இருந்தது. இருபது வருஷம் பசை நாற்றத்தில் உட்கார்ந்து சம்பாதித்த பேர்.

ஒருநாள் சித்தர் அந்தக் கடைக்கு எழுந்தருளினார். "பாய், உங்ககிட்ட பொட்டி செய்யற அத்தனை பேருக்கும் நம்ம பின்னை எடுத்துச் சொல்லுங்க. உங்களையும் கவனிச்சுக்கறேன்" என்றார்.

கரீமுக்கு வாய் சும்மா இருக்காது. "சித்தருங்களே, ஒயர்ல போறது கரண்டு. அது ரோகிணியா கார்த்திகையான்னு பாத்தா போவுது? செம்பு இருந்தாப் போவும், துரு இருந்தா நிக்கும். அவ்வளவுதானுங்களே" என்று சொல்லி, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

டீயைக் குடித்த மனிதர் அதை மறக்கவில்லை.

பீளமேட்டில் பங்காரு என்று ஒரு பம்ப்செட் முதலாளி. கறாரான ஆள். பட்டறையில் வார்ப்பு இரும்பைச் சுண்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவார். மூத்த மகள் கல்யாணத்துக்குச் சீரோடு சீராகக் கொடுக்க ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் வேண்டும் என்று, கரீமோடு உட்கார்ந்து தானே படம் போட்டுக் கொடுத்துச் செய்யச் சொன்னார். தேக்குப் பலகை. மூன்று மாத வேலை. கரீம் தன் ஆயுசில் செய்த பெட்டிகளிலேயே அதுதான் உசத்தி. முதல் தடவை பாடவைத்தபோது பங்காருவுக்குக் கண் கலங்கியது. "பாய், எங்கூட்டுப் பொண்ணு கொடுத்து வச்சவ" என்றார். கரீம் அன்றைக்கு வீடு வரைக்கும் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே நடந்தார்; அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பெட்டிக்குத்தான் உறம்பரை, அதாவது சொந்தக்காரர் ஒருத்தர் பேச்சைக் கேட்டுச் சித்தரைக் கூட்டிவந்தார் பங்காரு. சித்தர் சோதனைப் பின் போட்டார், தவில் காணாமல் போனது. உயிர்ப்பின் போட்டார். அப்பவும் தவில் வரவில்லை! இன்னொரு ஜோடி போட்டார். ஊஹூம். சித்தர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, நெற்றியைச் சுருக்கி, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"பின்னுல உயிர் இருக்குது. பொட்டிதான் செத்துப்போச்சு. செஞ்ச கையில தோஷம். இது கல்யாண ஊட்டுல இருக்கக்கூடாதுங்க."

அடுத்த புதன்கிழமை முகூர்த்தம். பங்காருவுக்கு வியர்த்துவிட்டது. பரிகாரம்? ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கல்யாண மண்டபத்து வாசலில், நாலு பேர் முன்னிலையில் அந்தப் பெட்டிகளை உடைத்து எரித்துச் சாம்பலை நொய்யலில் கரைக்க வேண்டும். கரீம் கை பட்ட பெட்டி வைத்திருக்கிற வேறு யாராவது இருந்தால், அவர்களும் கொண்டுவந்து போட்டுவிடுவது நல்லது. சித்தருக்குத்தான் எவ்வளவு பரந்த மனசு!

சேதி காட்டுத்தீயாகப் பரவியது. மறுநாளே கரீம் கடைக்கு ஆட்டோக்கள் வர ஆரம்பித்தன. அந்தியூரில் மாட்டுத்தரகு செய்கிற தம்பிதுரை, பஸ் கூரையில் பெட்டியைக் கட்டி எடுத்து வந்துவிட்டார்.

"ஏனுங்க பாய், தப்பா நெனைக்காதீங்க. பொட்டி நல்லாத்தான் பாடுது. ஆனா போன மாசம் எருமை ஒண்ணு செத்துப்போச்சுங்க."

"எருமை பாட்டுக் கேட்டா செத்துச்சு?"

"அதெப்படிங்க எனக்குத் தெரியும்? அது கேட்டுச்சோ என்னமோ" என்று சொல்லி, பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். தெரிந்த மனிதர், இருபது பேருக்குக் கரீமைச் சிபாரிசு செய்த மனிதர்.

நாலு நாளில் திரும்பி வந்த பெட்டிகள் கடை வாசலை அடைத்துவிட்டன. கரீம் பக்கவாட்டில் நுழைந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. தெருவில் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள், சாவு வீட்டைக் கடக்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேக்குப் பெட்டி எரிந்தால் கடையும் அதோடு எரிந்த கணக்குத்தான். அப்புறம் அவர் கையால் ஒரு ஒயரைக்கூட யாரும் தொடவிடமாட்டார்கள்.

சரி, பொய்யென்று நிரூபிக்க வேண்டியதுதானே என்பீர்கள். கரீம் சும்மா இருக்கவில்லை. பங்காரு வீட்டுக்கு ஓடினார். பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். சிவப்பு டெர்மினலில் சிவப்பு ஒயர், கறுப்பில் கறுப்பு. ஆம்ப்ளிஃபயர் பக்கமும் சிவப்புப் பின் சிவப்பில், கறுப்பு கறுப்பில். எல்லாம் சரி. ஆனால் தவில் மட்டும் வரவில்லை! அவர் காதாலேயே கேட்டார்.

"அந்த அரக்கைப் பிரிச்சுப் பாக்கோணும் மொதலாளி" என்றார்.

"ஐயையோ, கையை வைக்காதீங்க பாய்! முத்திரையை ஒடச்சா கல்யாணம் நின்னுபோகும்னு சொல்லியிருக்கறாரு" என்று பங்காரு குறுக்கே விழுந்தார். பெற்றவன் பயம். கரீம் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

இங்கேதான் ஒரு வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும். கரீமுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நிஜமாகவே நம்ம கையில்தான் ஏதோ வந்துவிட்டதோ? இரண்டு நாள் அந்த நினைப்பே தின்றது. வெள்ளிக்கிழமை மத்தியானம், பக்கத்துத் தெரு ஆளை அனுப்பி, பச்சை நூல் சுற்றிய உயிர்ப்பின் இரண்டு ஜோடி வாங்கிவரச் சொல்லி, வீட்டு ஸ்பீக்கரில் மாட்டிக்கொண்டிருந்தார். ஹபீபுன்னிசா பசைக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க பச்சை நூலு?"

மாட்டிக்கொண்டார். ஹபீபுன்னிசா பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஊரு உங்களை நம்பலீன்னா போவுது. நீங்களே உங்களை நம்பலீன்னா நான் யாரைங்க நம்பறது?"

"நானென்ன செய்யட்டும் ஹபீபு? ஒயர் சரியாத்தான் இருந்துச்சு. கண்ணால பாத்தேன். ஆனா தவில் வரலையே!"

"செல்லு வச்சுப் பாத்தீங்களா?"

கரீம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கோன் ஒட்டுகிற கடையில் இது தினப்படி வேலை. ஒட்டிக் காய்ந்ததும், டார்ச் லைட் செல் ஒன்றை எடுத்து ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் ஒரு தொடு தொட்டால், கோன் "டப்" என்று துள்ளும். செல்லின் மொட்டு சிவப்பில் பட்டால் வெளியே துள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் ஒயர் தலைகீழ் என்று அர்த்தம். இருபது வருஷமாக ஆயிரம் ஸ்பீக்கருக்கு வைத்த செல்லை, தன் மானம் போகிற அன்றைக்கு வைக்க மறந்துபோனார் மனிதர். தாழ்ந்து போனவனுக்குத் தன் கைத்தொழிலே மறந்துவிடும் போல.

ஹபீபுன்னிசா அங்கேயே செல்லை எடுத்தாள். பச்சை நூல் பின்னில் வைத்தாள். இரண்டு கோனும் வெளியே துள்ளின. பின்னைக் கழற்றிவிட்டு, ஒயரை வெறுமனே முறுக்கிச் சொருகிப் பாடவைத்தாள். அதே தவில், அதே சத்தம்.

"பாத்தீங்களா? இந்தப் பின்னு வெறும் பின்னுங்க. மொதலாளி ஊட்டுப் பின்னுக்குள்ளதான் ஏதோ சேட்டை இருக்குது. ஞாயித்துக்கெழமை நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து வாசலில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்த உறம்பரைகள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்த பம்ப்செட்காரர்கள், அவர்களுக்கு நடுவில் அந்தியூர் தம்பிதுரையும். எதையாவது எரிக்கிறார்கள் என்றால் நம் ஜனங்களுக்கு லீவு போட்டாவது வரத் தெரியும். நடுவில் மேஜை, மேஜையில் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் தேக்குப் பெட்டி இரண்டும். கொஞ்சம் தள்ளி விறகு, மண்ணெண்ணெய்.

சித்தர் கடைசியாக ஒருமுறை பாடவைத்துக் காட்டினார். நாதஸ்வரம் மூக்கால் அழுதது. தவில் இல்லை.

"கேட்டீங்களா? செத்தது செத்ததுதான். பங்காரு, தீயை வையுங்க."

பங்காரு தீப்பெட்டியை எடுத்தார். "மொதலாளி, ஒரே ஒரு நிமிசம்" என்று கரீம் முன்னால் வந்தார். "நீங்க போட்ட படத்துக்கு நான் அறுத்த பலகைங்க இது. எரிக்கறதுக்கு முன்னால ஒருதடவை சோதிச்சுக்கறேன்."

"தோஷமுள்ள கை படக்கூடாது!" என்று கத்தினார் சித்தர்.

அப்போதுதான் பங்காருவின் மனைவி அம்புஜம் எழுந்து வந்தாள். கல்யாண வீட்டுக்காரி, நாலு நாளாகத் தூக்கமில்லை, யாரிடமாவது எரிந்து விழக் காத்திருந்தாள். "ஏமண்டி" என்று வீட்டுத் தெலுங்கில் புருஷனைக் கூப்பிட்டாள். "மூணு மாசம் சோறு தண்ணியில்லாம செஞ்ச பொட்டி. கொலைகாரனுக்கே கடைசி ஆசை கேக்கறாங்க. கரீம் கை படக்கூடாதுன்னா அந்தம்மா செய்யட்டும்" என்றாள்.

ஹபீபுன்னிசா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். பெட்டிகளின் முன்துணியைக் கழற்றினாள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து பின்களை உருவினாள். மடியிலிருந்து ஒரு டார்ச் செல்லை எடுத்தாள்.

"அம்மணி, நீங்க வந்து பக்கத்துல நின்னு பாருங்க. தம்பிதுரைங்க, நீங்களும் வாங்க. உங்க எருமை செத்த கேஸும் இதுல இருக்குது."

இடது பெட்டியின் பின்னில் செல்லை வைத்தாள். டப்! கோன் வெளியே துள்ளியது. வலது பெட்டியின் பின்னில் அதே மாதிரி வைத்தாள். டப்! கோன் உள்ளே பம்மியது. மறுபடி வைத்தாள். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே.

"ரெண்டு பேர் பின்னால நின்னு ஒரே வண்டியைத் தள்ளறாங்கன்னு வையுங்க. ரெண்டு பேரும் சேந்து தள்ளோணும். ஒருத்தர் தள்ளும்போது இன்னொருத்தரு இழுத்தா வண்டி நவருங்களா? அதேதான். ஒரு ஸ்பீக்கரு காத்தைத் தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது. ஒண்ணை ஒண்ணு தின்னுபோடுது. தவிலு எங்கிருந்து வரும்?" என்றாள். "ஏனுங்க, இங்கெ எல்லாரும் மோட்டார்க்காரங்கதானே. கெணத்து மோட்டார் திரும்பிச் சுத்துனா என்னங்க பண்ணுவீங்க?"

"ரெண்டு ஒயரை மாத்திப் போடுவோம்!" என்று ஐம்பது குரல் ஒன்றாக வந்தது. சொல்லிவிட்டு அந்த ஐம்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"மோட்டாருக்கு ஜாதகம் பாப்பீங்களா?"

பங்காரு தீப்பெட்டியைப் பைக்குள் போட்டார். சித்தரின் தடையை ஒரு கையால் விலக்கிவிட்டு, பேனாக்கத்தியால் வலது பெட்டிப் பின்னின் அரக்கு முத்திரையைத் தானே உடைத்தார். கல்யாணம் நின்றுபோகும் என்று சொன்ன அதே முத்திரைதான். உள்ளே சிவப்பு ஒயர் கறுப்புப் பின்னிலும், கறுப்பு ஒயர் சிவப்புப் பின்னிலும் பற்றவைத்திருந்தது. வெளியே பார்த்தால் யோக்கியம், உள்ளே தலைகீழ். செய்தவர் மாதிரியே.

சித்தர் லேசில் விடுகிற ஆளா? குட்டு உடைந்தால் புதுக் குட்டு போடத் தெரியும் அவருக்கு. "அது வேலைக்காரன் செஞ்ச தப்பு. ஒயர் எப்படியும் போவட்டும். உயிர்ப்பின்னோட மகிமை காதுக்குத் தெரியும். தெய்வீகச் சத்தம் தனி! நான் ஒரு நொடியில சொல்லுவேன்" என்று மார்தட்டினார்.

"அப்ப சொல்லுங்க" என்றாள் அம்புஜம். உள்ளே போய்ப் பட்டுத்திரை ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர்கள் வழக்கத்தில் முகூர்த்தம் வரைக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் நடுவில் பிடிக்கிற கல்யாணத்திரை அது. புதன்கிழமைக்கு வாங்கி வைத்திருந்தது. இரண்டு பெண்கள் அதை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னால் அம்புஜம் மட்டும். முன்னால் நாற்காலியில் சித்தர், சுற்றிலும் ஊர்.

இரண்டு சுற்று. ஒன்றில் சித்தரே எடுத்துக் கொடுத்த உயிர்ப்பின் இருக்கும், ஒன்றில் இருக்காது. எது எதுவென்று காதால் சொல்ல வேண்டும்.

முதல் சுற்று. தவில் விழுந்தது பாருங்கள், கூட்டமே ஒரு அடி பின்னால் நகர்ந்தது! கரீமுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் பெட்டி தன் குரலில் பேசி ஒரு வாரமாயிற்று. இரண்டாம் சுற்றும் அதே மாதிரிதான் கேட்டது. சித்தர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். கல்யாண வீட்டுக்காரி, மங்கலமான பொருளைத்தான் முதலில் வைப்பாள்.

"மொதல்ல பாடினது உயிர்ப்பின்! என்ன நாதம்! என்ன ஜீவன்! ரெண்டாவது செத்த சவம். இதுகூடவா தெரியாது?"

"ஆமாங்க, மொதல்லது தேன் மாதிரி இருந்துச்சு" என்று கூட்டத்தில் பாதிப்பேர் ஆமோதித்தார்கள். கேட்கிறவன் கேனயன் என்றால் கேழ்வரகில் நெய் வடியும் என்பது சும்மாவா?

"திரையை எறக்குங்க" என்றாள் அம்புஜம். "செத்த சவம்னு சொன்னீங்களே, அதுதான் உங்க உயிர்ப்பின். சரியான பின்னு, நானே செல்லு வச்சுப் பாத்துத்தான் மாட்டினேன். மொதல்ல பாடின தேன் இது."

அவள் கையில் நாலு ஊக்கு இருந்தது. புடவை மடிப்புக்கும் பிள்ளைகள் பாவாடைக்கும் குத்துகிற சாதாரண ஊக்கு. அவள் தாலிக்கொடியிலிருந்து கழற்றியது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளாளுக்குச் சட்டைக்கையைச் சுருட்டினார்கள். "யாரும் கை வைக்கக்கூடாது. கல்யாண மண்டபம்" என்று அம்புஜம் தடுத்து, சித்தர் பின்களை வைத்திருந்த கைப்பெட்டியை மேஜையில் திறந்து வைக்கச் சொன்னாள். இடது தட்டில் தலைகீழாகப் பற்றவைத்த பின்கள், வலது தட்டில் நேராகப் பற்றவைத்தவை, நடுவில் மூன்று நிற நூல்கண்டு. முதலில் இடது தட்டுப் பின்னை மாட்டிப் பாட்டைக் கெடுப்பது, பிறகு வலது தட்டுப் பின்னை மாட்டிப் பழைய சத்தத்தையே திருப்பிக் கொடுப்பது. அவனவன் சத்தத்தை அவனவனுக்கே விற்ற வியாபாரம்! ஒருத்தர் விடாமல் எல்லாரும் வாங்கியிருந்தார்கள். அதனால்தான் அன்றைக்கு யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. போலீஸ் வந்து சித்தரை ஏற்றிக்கொண்டு போனது.

பங்காரு கரீமின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாய், வார்ப்பு இரும்பைச் சுண்டிப் பாக்கத் தெரிஞ்சவன் நானு. இதைச் சுண்டிப் பாக்கலையே. உங்க பேரைக் கெடுத்துப்போட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கரீம் தலையை ஆட்டினார். பெட்டி இரண்டையும் நாலு பேர் தூக்கிக்கொண்டு சீர்வரிசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஊருக்குப் புத்தி வந்துவிட்டது, கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். தம்பிதுரை மெல்ல அம்புஜத்தின் பக்கம் நகர்ந்து வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க அம்மணி, அந்த ஊக்கு எந்தக் கடைங்க?"

"எதுக்கு?"

"இல்லீங்க, தாலிக்கொடியில கெடந்த ஊக்கு. அதனாலதான் அப்படிப் பாடியிருக்கும். ஒரு ஜோடி கெடைச்சா எங்கூட்டுப் பொட்டிக்கும் மாட்டிக்கலாமுன்னு..."

அவருக்குப் பின்னால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசை கட்டிவிட்டார்கள். அம்புஜம் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹபீபுன்னிசாதான் அந்த வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஊக்கெல்லாம் வேண்டாங்க. காதுக்கும் மூளைக்கும் நடுவுல ஆண்டவன் வச்சானோ, பெத்தவங்க வச்சாங்களோ, ஓசியிலயே ஒரு ஒயர் வந்துருக்குது. அதை மொதல்ல சொருகுங்க. சொருகிப்போட்டு வாங்க, அப்பறம் ஸ்பீக்கரைப் பத்திப் பேசலாம்."